சர்குலர் சா போடும் விசில் சத்தம்: எந்த பிளேடு மாற்றினால் குறையும்?

மாலைத்தச்சன்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது கையில் பிடித்து மரம் அறுக்கிற 185 மி.மீ. சர்குலர் சா (வட்ட ரம்பம்), 5,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்று மிஷின் மேலேயே போட்டிருக்கிறது. கூடவே வந்த 24 பல் பிளேடைத்தான் இத்தனை நாளும் ஓட்டுகிறேன். சுவிட்சை அழுத்தியதும், பல் மரத்தில் படுவதற்கு முன்னாலேயே, காதைத் துளைக்கிற மாதிரி ஒரு விசில் கிளம்புகிறது. வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் எனக்கு நேரம், பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை. அறுப்பது பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட், எப்போதாவது பலகையை நீளவாக்கில் கிழிப்பேன். சத்தம் குறைவு என்று அட்டையில் போட்டு வரும் பிளேடுகளில் உண்மையாகவே வித்தியாசம் தெரியுமா? பல் அதிகமானால் சத்தம் கூடுமா, குறையுமா?

இழைப்புளி:
சும்மா சுற்றும்போதே விசில் வருகிறது என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். அறுக்கும்போது மட்டும் சத்தம் என்றால் பிளேடு மாற்றி அவ்வளவாகப் பலன் இருக்காது. உங்களுடையது பிளேடின் சத்தமேதான்.

185 மி.மீ. பிளேடு 5,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது பல்லின் நுனி விநாடிக்கு சுமார் 53 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 190 கி.மீ. அந்த வேகத்தில் பல்லுக்குப் பல் இருக்கிற பள்ளம் ஒவ்வொன்றும் காற்றை வாரி அடித்துச் சுழலாக்குகிறது. சுழல்கள் கிளம்பும் வேகமும் இரும்புத் தட்டு தானாக அதிரும் வேகமும் ஒத்துப்போய்விட்டால் தட்டு முழுக்கப் பாட ஆரம்பித்துவிடும், நீங்கள் கேட்கும் விசில் அதுதான். 24 பல் பிளேடில் பள்ளம் பெரிது, ஆழமும் அதிகம், அதனால் காற்றுச் சத்தமும் அதிகம். பல் கூடினால் பள்ளம் சிறிதாகும், சும்மா ஓடும்போது சத்தம் பொதுவாகக் குறையும். பிளைவுட்டுக்கு எப்படியும் 40 பல்லாவது வேண்டும், மேல் தாள் பிய்யாமல் வரும்.

ஆனால் பல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தட்டின் நடுப்பகுதியில் லேசரால் அறுத்த மெல்லிய கோடுகள், எஸ் எழுத்து மாதிரி வளைந்து, இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் அந்தக் கோட்டுக்குள் பிசின் போன்ற பொருளை நிரப்பியிருப்பார்கள். அதிர்வு தட்டு முழுக்கப் பரவாமல் அங்கே செத்துப்போகும். விளிம்பில் இருக்கிற வெட்டுகள் வேறு, அவை சூட்டில் தட்டு விரிவதற்காக. அவற்றின் அடியில் திறந்த ஓட்டை இருந்தால் அதுவே சில பிளேடுகளில் விசிலடிக்கும், நல்ல பிளேடில் அதைச் செம்பு வைத்து அடைத்திருப்பார்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. நடு ஓட்டையில் விரலை விட்டு பிளேடைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டின் மேல் லேசாகத் தட்டுங்கள், பல்லில் படக்கூடாது. கோயில் மணி மாதிரி ணங்ங்ங் என்று நீண்டால் மிஷினிலும் அது பாட வாய்ப்பு அதிகம். டொக் என்று உடனே அடங்கினால் தைரியமாக எடுக்கலாம்.

பரண்:
இழைப்புளி அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. தட்டு மெல்லியதான பிளேடு மோட்டாருக்குச் சுமை குறைவு என்று பலரும் எடுக்கிறார்கள். அது சரிதான், ஆனால் தட்டு மெலிந்தால் அதிர்வதும் சுலபம், அதனால் மெல்லிய பிளேடு எடுத்தால் அந்த லேசர் கோடு இருக்கிறதையே எடுங்கள். நடு ஓட்டையின் அளவும் பிளேடில் போட்டிருக்கும் அதிகபட்ச ஆர்பிஎம்மும் உங்கள் மிஷினுக்கு ஒத்துவர வேண்டும், அதில் சமரசமே கூடாது.

அப்புறம், புதுசு வாங்குவதற்குள் பழையதைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் பக்கத்தில் பழுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் மாட்டுங்கள். பிளேடை இரண்டு பக்கமும் பிடிக்கிற வாஷரில் மரத்தூள் ஒட்டியிருந்தாலும் பிளேடு கோணிக்கொண்டு ஆடும், அதையும் துடைத்துவிடுங்கள்.

பிளைவுட்டை இரண்டு ஸ்டூல் மேல் பாலம் மாதிரி போட்டு அறுக்கிறீர்களா? அப்படியென்றால் பலகையே ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்யும். கீழே முழுசாக ஒரு தெர்மோகோல் பலகை போட்டு, பிளேடு பிளைவுட்டைத் தாண்டி 5 மி.மீ. மட்டும் இறங்குகிற மாதிரி ஆழத்தை வையுங்கள். அறுக்கும்போது வருகிற சத்தத்தை எனக்கு அதிகம் குறைத்தது இதுதான், பிளேடு இரண்டாவதுதான்.

தேக்குமணி:
பிளேடின் பக்கத்தில் வைக்கிற அதிர்வு தாங்கும் வட்டத் தகடு போட்டால் என்ன? டேபிள் சாவில் நான் போட்டிருக்கிறேன், நல்ல பலன்.

இழைப்புளி:
டேபிள் சாவுக்குச் சரி. கையில் பிடிக்கிற மிஷினில் வேண்டாம் நண்பரே. அச்சு குட்டை, தகடு வைத்தால் போல்ட்டுக்குப் பிடிப்பு போதாது, வெட்டும் ஆழமும் குறைந்துவிடும்.

குமிழ்மரம்:
காதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். சர்குலர் சா சாதாரணமாக 100ஐத் தொடுகிற மிஷின். எவ்வளவு நல்ல பிளேடு போட்டாலும் இயர் மஃப்பை (காதை மூடும் உறை) கழற்றுகிற அளவுக்குக் குறையாது. எனக்கு இடது காதில் நாள் முழுக்க ஒரு இரைச்சல் இருக்கிறது, பத்து வருடம் காதை மூடாமல் அறுத்ததில் வந்தது, அது திரும்பிப் போகாது. தயவுசெய்து முதல் நாளிலிருந்தே போடுங்கள்.

மாலைத்தச்சன்:
எல்லோருக்கும் நன்றி. 40 பல், எஸ் கோடு போட்ட பிளேடு வாங்கிவிட்டேன். பழையதையும் புதியதையும் விரலில் தொங்கவிட்டுத் தட்டினேன். பழையது நான் மூச்சு விட்டு முடிக்கும்வரை ஒலித்தது, புதியது டொக்கோடு நின்றுவிட்டது. மாட்டி ஓட்டியதும் விசில் போயேபோய்விட்டது, இப்போது கேட்பது மோட்டாரும் கியரும்தான். சத்தம் இல்லாமல் போகவில்லை, ஆனால் அந்தக் கூர்மை இல்லை. தெர்மோகோலும் போட்டேன், பரண் சொன்னது அப்படியே உண்மை. பலகையை நீளவாக்கில் கிழிக்க மட்டும் புதியது திணறுகிறது, ஓரம் லேசாகக் கருகியது, அதற்குப் பழைய 24 பல்லையே கழுவி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பகலில் போட்டுக்கொள்வேன். இயர் மஃப் இன்றைக்கே ஆணியில் மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டியாகிவிட்டது.