பழைய 40–60 எச்பி அவுட்போர்டு வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 16 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது, அதன் பின்பக்கத்தில் வெளியே மாட்டியிருந்த அவுட்போர்டு மோட்டார் போன பருவத்தோடு முடிந்துவிட்டது. புதிது வாங்கக் கையில் பணம் இல்லை, அதனால் பழையது தேடுகிறேன். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்சம் 60 எச்பி என்று போட்டிருக்கிறது. வழக்கமாக மூன்று பேர், சில நாள் நான்கு பேர், மீன்பிடிச் சாமான்கள். பாதி நாள் உப்புத் தண்ணீர், பாதி நாள் கழிமுகம்.

இப்போது மூன்று மோட்டார் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 50 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், 12 வருடம் ஆனது, மொத்தமே 190 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்கிறார் விற்பவர். இரண்டாவது 40 எச்பி டூ ஸ்ட்ரோக், கார்பரேட்டர் வைத்தது, வயது அதைவிட அதிகம், ஆனால் இன்றைக்கும் கிட்டத்தட்ட தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது 50 எச்பி எவின்ரூட் ஈ-டெக், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது, விலையும் மூன்றில் அதுதான் குறைவு. எனக்கு மனசு முதல் மோட்டாரில் நிற்கிறது, மணி நேரம் குறைவு என்பதால். சரியான யோசனைதானா? நேரில் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? தப்பாக வாங்கிவிட்டால் இந்த வருடம் முழுக்கப் படகு கரையிலேயே கிடக்கும், அதுதான் பயம்.

பதில் 1

190 மணி நேரத்தை 12 வருடத்தால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 16 மணி நேரம்கூட வரவில்லை. அப்படியென்றால் அந்த மோட்டார் ஓடியதைவிடச் சும்மா நின்றதுதான் அதிகம், நிற்பது அவுட்போர்டுக்கு நல்லதே இல்லை. பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரில் ஒட்டும், தண்ணீர் பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கிய மாதிரியே இறுகிவிடும், கழுவாமல் விட்ட உப்பு குளிர்விக்கும் பாதைகளில் காய்ந்து கல்லாகும். வேண்டாம் என்று சொல்லவில்லை. மணி நேரம் குறைவு என்பதை மட்டும் வைத்து மனசைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

போவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று. போனதும் முதல் வேலை மேல் மூடியைக் கழற்றி சிலிண்டர் பக்கம் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார், நீங்கள் பார்க்கவேண்டிய குளிர் ஸ்டார்ட் போய்விட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நோயுள்ள இன்ஜின் தன் குறையைக் குளிரில்தான் காட்டும்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். இதைச் செய்யாமல் எந்தப் பழைய மோட்டாரும் வாங்காதீர்கள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அவசரத்தில் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்து, பிளக் ஓட்டையில் மாட்டிய அழுத்த மீட்டரின் முள் ஏறுவதை நிறுத்தும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவேண்டும். முள் காட்டும் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம், ஏனென்றால் மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் மாறும், சில ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஸ்டார்ட் எளிதாக இருக்க அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பே இருக்கிறது, அதில் எண் தாழ்வாகத்தான் வரும். 10 சதவீதத்துக்குள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் அங்கே ரிங்கோ வால்வோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், அவை நிறையச் சொல்லும். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகப்படுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தும் பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்து ஆயில் அளவும் ஏறியிருந்தால் அது கேள்வி கேட்கவேண்டிய விஷயம்.

கடைசியாக கியர் ஆயில். மோட்டார் சில மணி நேரம் நிமிர்ந்து நின்ற பிறகு, கியர் பாக்ஸின் கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் உள்ளே இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. ஸ்க்ரூவின் காந்தத்தில் மெல்லிய சாந்து மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு, துண்டு துண்டாக இரும்பு இருந்தால் கியரே தேய்கிறது, கிளம்பிவிடுங்கள்.

பதில் 2

ஈ-டெக் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மோட்டார்தான், நேரடி இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக், இழுவையும் பிரமாதம். ஆனால் அதைத் தயாரித்த பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதத்தில் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, விலை குறைவாகத் தெரிவதற்கு அது ஒரு பெரிய காரணம். அதன் கம்ப்யூட்டர் பாகமோ இன்ஜெக்டரோ போனால் கையால் தட்டிச் சரிசெய்யும் விஷயம் இல்லை. உங்களுக்கு எட்டும் தூரத்தில் அந்த மென்பொருளும் உதிரிபாகமும் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள், இருந்தால் மட்டும் மோட்டாரைப் பார்க்கப் போங்கள். இன்னொன்று, 3 வருடம் அல்லது 300 மணி நேரம் வரை டீலரிடம் சர்வீஸ் தேவையில்லை என்று சொல்லித்தான் அதை விற்றார்கள், பலர் அதை சர்வீஸே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எடையையும் யோசியுங்கள். 50 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஈ-டெக்கும் 100 கிலோவை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும், 40 எச்பி கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக் அதைவிட நன்றாகவே லேசு. பழைய படகில் மோட்டாரை மாட்டும் பின்பக்கப் பலகை, அதாவது டிரான்ஸம், உள்ளே ஊறிப்போயிருந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். மோட்டார் தண்டின் நீளம் சரியாக இருக்க உங்கள் டிரான்ஸம் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள்: தண்டு 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று அந்த உயரத்துக்கு ஏற்றபடி வரும், தவறான நீளத்தை வாங்கிவிட்டு வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

பதில் 3

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த மோட்டார் ஒன்றைப் பார்த்ததும் மயங்கி வாங்கினேன். இரண்டு மாதத்தில் ஓவர்ஹீட் அலாரம் அடித்தது. குளிர்விக்கும் தண்ணீரைச் சூட்டுக்கு ஏற்ப விடும் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறக்கப் போனால் முதல் போல்ட்டே தலை முறிந்து கையோடு வந்தது, உள்ளே உப்பு கெட்டியாக அடைத்துக்கிடந்தது. பக்கவாட்டில் தண்ணீர் அழகாகப் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது. பம்ப் தண்ணீரைத் தூக்குகிறது என்பதை மட்டும்தான் அந்தப் பீய்ச்சல் சொல்லும், சிலிண்டர் தலை வரைக்கும் போய்ச் சுற்றுகிறதா என்று சொல்லாது.

அதிலிருந்து நான் பெயிண்ட்டைப் பார்ப்பதே இல்லை, போல்ட்டையும் ஆனோடையும்தான் பார்க்கிறேன். ஆனோடு என்பது மோட்டார் அரிக்காமல் தான் கரைந்துபோகும் உலோகத் துண்டு. போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனோடு பாதி கரைந்திருந்தால் நல்லது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பழைய மோட்டாரில் கரையவே இல்லாமல் இருந்தால் ஒன்று நேற்று மாட்டியது, இல்லை அதற்கு மின்தொடர்பே இல்லை. ஆனோடு மேலேயே பெயிண்ட் அடித்திருந்தால், விற்பவர் எப்படிப் பராமரித்திருப்பார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. ஈ-டெக்கை விட்டுவிட்டேன், பக்கத்தில் அதைத் தொடுவதற்கு ஆளே இல்லை. மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் நான் போனபோது நன்றாகச் சூடாக இருந்தது! மறுநாள் காலையில் திரும்பப் போனேன், மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம், 190 மணி நேரம் என்பது உண்மைதான். கம்ப்ரஷன் 170, 168, 128. மீட்டர் சரியில்லை என்கிறார் விற்பவர்.

டூ ஸ்ட்ரோக் முற்றிலும் குளிர்ந்திருந்தது, சோக் போட்டு இரண்டாவது இழுப்பில் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் 120, 122. ஆனால் கியர் ஆயில் லேசாக வெளுத்திருக்கிறது. காந்தத்தில் துண்டு எதுவும் இல்லை. இதற்குப் பயப்பட வேண்டுமா? நான்கு பேருக்கு 40 எச்பி போதுமா?

பதில் 1

அதே மீட்டர்தான் மற்ற இரண்டு சிலிண்டரிலும் 170-ஐ ஒட்டிக் காட்டியது, அதனால் மீட்டர் மேல் பழி போடமுடியாது. நின்றே கிடந்த இன்ஜின், ரிங் ஒட்டியிருக்கலாம், வால்வு துருப்பிடித்திருக்கலாம். திறந்து பார்த்தால்தான் தெரியும், திறக்கும் செலவு உங்கள் தலையில் வரக்கூடாது. விடுங்கள்.

இரண்டாவதுக்கு வருவோம். பெரும்பாலும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றி தண்டு சீலை அறுத்திருக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், அப்படியே நியூட்ரலில் தண்டைக் கையால் சுற்றுங்கள், நுனி ஆட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது, அப்போது சீல் மாற்றினாலும் நிற்காது. நேராகச் சுற்றினால் மெக்கானிக்கிடம் சொல்லிக் கியர் பாக்ஸில் காற்றழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீல் மட்டும் என்றால் அது சின்ன வேலை, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் மோட்டாரைப் படகோடு பிடிக்கும் பிராக்கெட்டில் உள்ள சீரியல் எண் தாள்களோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

16 அடிக்கு 40 போதும். நான்கு பேரோடு படகு தண்ணீர் மேல் எழும்பி ஓட ஒருசில விநாடி கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். ஆனால் கார்பரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே போகும், எரிபொருள் செலவு கூடும் என்பதை மனதில் வையுங்கள். சில ஏரிகளில், நீர்த்தேக்கங்களில் அந்த வகைக்கு அனுமதியும் இல்லை, நீங்கள் போகும் இடங்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வழக்கமான சுமையோடு 10 நிமிடம் முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள், அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் ஆர்பிஎம் வரம்புக்குள் ஏறி அங்கேயே நிற்கவேண்டும். ஏறிவிட்டு மெதுவாக இறங்கினால் சூடோ எரிபொருள் பற்றாக்குறையோ இருக்கிறது. எட்டவே இல்லை என்றால் ப்ரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூர அளவு, அதிகமாக இருக்கலாம், 1 அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும்.

வாங்கி வந்ததும் ஓட்டத் தொடங்கும் முன்பே இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிவிடுங்கள், பழையவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும். சீல் மாற்றி ஆயில் ஊற்றியபின் முதல் ஒரு மணி நேர ஓட்டம் முடிந்ததும் கீழ் ஸ்க்ரூவை மறுபடி தளர்த்திப் பாருங்கள்.