வாடகை வீடு கிடைக்கும் வரை ஏற்காட்டுச் சிறுமிக்கான உதவித்தொகையை நிறுத்தி வைக்கலாமா?

வீடு தேடுபவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து பணிமாற்றம் பெற்று நாங்கள் சேலத்துக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நானும் மனைவியும் இன்னும் ஐந்து ரோடு அருகே உறவினர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறோம். ஞாயிறுதோறும் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, அழகாபுரம் என்று டு-லெட் பலகைகளைத் தேடி அலைந்து, இதுவரை 19 வீடுகளைப் பார்த்துவிட்டோம். ஒரு வீட்டில் சமையலறையைக் கடந்துதான் குளியலறைக்குப் போக வேண்டும். இன்னொரு வீட்டில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் எல்லாமே பிடித்துப்போய், அட்வான்ஸ் பற்றிப் பேசத் தொடங்கிய நேரத்தில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார், நாங்கள் பதில் சொன்ன மறுகணமே, வெளியூரிலிருக்கும் தம் மகன் அந்த வீட்டுக்குக் குடிவரப் போவது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

இப்போது ஒரு வீடு கைகூடும் நிலையில் உள்ளது. மாத வாடகை 11,000 ரூபாய். ஆனால் அட்வான்ஸாகப் பத்து மாத வாடகையைக் கேட்கிறார்கள். தரகருக்குத் தனியே ஒரு மாத வாடகை.

இரண்டு ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக, ஏற்காட்டைத் தாண்டிய மலைக்கிராமம் ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமிக்கு மாதம் 1,500 ரூபாய் அனுப்பி வருகிறோம். தந்தை இல்லை, தாய் காப்பித் தோட்டக் கூலி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவளிடமிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதம் வரும் நாளில் எங்கள் இருவருக்கும் வேறு எதுவும் ஓடாது. இம்முறை கணக்கில் வாங்கிய 83 மதிப்பெண்ணையும், மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழாவில் வாங்கிய வளையலையும் பற்றி எழுதிவிட்டு, "உங்கள் வீட்டு வாசலில் என்ன மரம் இருக்கிறது?" என்று கேட்டிருந்தாள். வாசலே இல்லாதவன் என்ன பதில் எழுதுவது?

ஆறு மாதங்களுக்கு உதவித்தொகையை நிறுத்திவிட்டு, அதை ஈடுகட்ட அடுத்த ஆண்டு அவளை ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. பத்து மாத அட்வான்ஸ் இங்கு வழக்கம்தானா என்பதையும், என் கணக்கு சரிதானா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:

நானும் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, இருதரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்த 'வேறு விதமான ஒப்பந்தம்' என்ற சந்தில்தான் பத்து மாதம் நுழைந்துகொள்கிறது. ஆகவே பேரம் பேச உங்களுக்கு இடமுண்டு. நான்கு மாத வாடகையையும் மின்கட்டணத்தையும் பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகக் காலி செய்த ஒருவரைப் பார்த்த பிறகு நானே ஆறு மாதம் கேட்கத் தொடங்கினேன். எனவே உங்கள் வீட்டுக்காரருடைய அச்சமும் பொய்யன்று. மூன்று மாத அட்வான்ஸுடன், வாடகையை மாதத் தொடக்கத்திலேயே செலுத்துவதாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்து சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உள்ளதா, அல்லது யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். துணை மீட்டர் என்றால் அரசு தரும் இலவச யூனிட்டுகள் உங்கள் கைக்கு வந்து சேராமல் போகலாம்.

நாகலூர் டீச்சர் (ஓய்வு):

தம்பி, மலைப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் நிறுத்த நினைக்கும் ஆறு மாதங்கள் எவை என்பதைச் சொல்லவில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் ஒரு கை கூடினால் கூலியும் கூடும் என்பதால், ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளைகள் வகுப்பிலிருந்து மெல்ல மறைவது அப்போதுதான். பொங்கலுக்குப் பிறகு சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். அந்த மாதங்களில் கைக்கு வரும் 1,500 ரூபாய், பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு தாய் சொல்வதற்கான துணிவாக இருக்கிறது. பாடநூலும் சீருடையும் மதிய உணவும் அரசே தருகின்றன; ஆனால் பேருந்து வராத ஊரிலிருந்து ஜீப்பில் வருவதற்கும், மார்கழிப் பனிக்குத் தேவையான ஸ்வெட்டருக்கும், மாலை வகுப்புக்கும் கைக்காசுதான் போக வேண்டும். முடியாவிட்டால் தொகையைக் குறைத்து அனுப்புங்கள்; அடியோடு நிறுத்தாதீர்கள்.

தனியார் பள்ளி யோசனையை விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவிக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கிடைக்கும். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் நல்லெண்ணத்தாலேயே இரண்டையும் பறித்தவர் ஆவீர்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகி:

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு, குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அந்தத் தாய் விண்ணப்பித்திருக்கிறாரா என்று தொண்டு நிறுவனத்தின் வழியாக விசாரியுங்கள்.

விசாரிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். நாங்களும் ஒரு பையனுக்கு உதவுகிறோம். முதல் முறை அவன் வீட்டுக்குப் போனபோது, எத்தனை ஆடு இருக்கிறது, டிவி எப்போது வாங்கினீர்கள், அப்பா குடிப்பாரா என்று அவனுடைய அம்மாவிடம் வரிசையாகக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மலையிலிருந்து இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் என்று நினைவில்லை, வாடகை வீடு பார்த்த நாட்களில் சைவமா, எத்தனை பேர், உறவினர் அடிக்கடி வருவார்களா என்று வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டதும், நான் இதேபோல் குனிந்து நின்றதும் நினைவுக்கு வந்தன. அதற்குப் பிறகு போனால் அவனுடைய நோட்டுகளைப் பார்ப்பேன், தேநீர் குடிப்பேன், வந்துவிடுவேன்.

வீடு தேடுபவன் (பத்து நாட்களுக்குப் பின்):

எழுதிய அனைவருக்கும் நன்றி. அட்வான்ஸ் நான்கு மாத வாடகையில் முடிந்தது. மூன்றுக்கு அவர் இறங்கவில்லை. உதவித்தொகையை நிறுத்தவில்லை. தனியார் பள்ளிப் பேச்சையும் விட்டுவிட்டேன், மனைவிக்கு அதில்தான் பெரிய மகிழ்ச்சி. நிதி ஆதரவுக்கான விண்ணப்பத்தைத் தொண்டு நிறுவனத்தார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வீடு அழகாபுரத்தில், இரண்டாம் மாடி. வாசலில் மரம் கிடையாது. ஆனால் எதிர்வீட்டு வேம்பின் ஒரு கிளை எங்கள் பால்கனிக் கம்பி வரை வந்திருக்கிறது. அதைத்தான் அவளுக்கு எழுதியிருக்கிறேன். மொட்டை மாடிச் சாவியைத் தர மட்டும் வீட்டுக்காரர் இன்னும் மறுக்கிறார். துணி உலர்த்துவது பற்றி ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிட்டோம்.