ஏலத்தில் வந்த வெள்ளை இறகுக் கொத்து: தொப்பிக்கா, கூந்தலுக்கா?

பழம்பெட்டி:
பழைய கையுறை, லேஸ் எல்லாம் கலந்து ஏலத்தில் எடுத்த பெட்டியில் இது இருந்தது. உயரம் 17 செ.மீ. மெல்லிய வெள்ளை இழைகள், மேலே போகப்போக விரிகின்றன. அடியில் 3 செ.மீ. கறுப்பு நூல் சுற்று. அதற்குக் கீழே நூல் சுற்றிய கம்பி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் துரு ஏறி நூல் பழுப்பாகிவிட்டது. ஊக்கு, சீப்பு எதுவும் இல்லை. இது என்ன? அசல் கொக்கு இறகா? கழுவலாமா?

தூவி:
அடிப்பாகத்தையும் இறகையும் தனித்தனியாகப் பாருங்கள். எதற்குப் பயன்பட்டது என்பதை அடிப்பாகம்தான் சொல்லும். வெறும் கம்பி வால் என்றால் தொப்பியில் வைத்துத் தைக்கும் கொத்து. கூந்தலுக்கானதில் இரட்டைக் கால் ஊசியோ சீப்போ இருக்கும். ராணுவத் தொப்பிக்கானது என்றால் பெரும்பாலும் உலோகக் குழாயோ திருகோ இருக்கும். ஆனால் ஊசி உடைந்துபோன கூந்தல் அணியும் உங்களுடையதைப் போலவே தெரியலாம். கம்பி முனையில் பசைத் தடமோ வெட்டுத் தடமோ இருக்கிறதா?

இறகுக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். கொக்கின் இனப்பெருக்க கால இறகில் நடுத்தண்டு ஒன்று, இரு பக்கமும் இடைவெளி விட்டுத் தனித்தனி இழைகள். இழைகளைப் பிணைக்கும் கொக்கிகள் கிடையாது, அதனால்தான் அந்தத் தொளதொளப்பு. கிளையே இல்லாத மொட்டைத் தண்டு என்றால் இழை உருவிய மயில் இறகாக இருக்கலாம். அமிலத்தில் இழைகளை அரித்து மெலியவைத்த வாத்து இறகும் உண்டு. அதில் இழைகள் ஒரே சீராக இருக்காது, முறிந்த முனைகள் தெரியும்.

கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். கொக்கு, வாத்து இரண்டுக்கும் ஒரே முடி கருகும் வாடைதான்.

பழம்பெட்டி:
வெட்டுத் தடமோ பசையோ இல்லை. தண்டுக்கு இரு பக்கமும் இழைகள், இடைவெளி சீராக இருக்கிறது. நுனிகள் பின்னோக்கி வளைகின்றன.

தூவி:
அப்படியானால் தொப்பிக் கொத்து, அசல் கொக்கு. பெரிய கொக்கின் இறகு நீளமாக, நேராக இருக்கும். இவ்வளவு வளைவு அமெரிக்காவின் ஸ்னோயி எக்ரெட் என்ற வெள்ளைக் கொக்குக்குப் பொருந்துகிறது. சின்னக் கொக்குக்கும் லேசான வளைவு உண்டு, அதனால் இனத்தை அடித்துச் சொல்ல மாட்டேன்.

காலத்துக்கு, இருட்டில் 365 நானோமீட்டர் யுவி டார்ச் அடித்து நூலைப் பாருங்கள், இறகை அல்ல; வெள்ளை இறகு இயல்பாகவே கொஞ்சம் நீலமாகத் தெரியும். நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் 1940-களுக்குப் பிந்திய வேலை, அல்லது பிறகு யாரோ பழுது பார்த்தது. கறுப்பு நூலில் சாயம் ஒளிர்வை மறைக்கலாம் என்பதால் ஒளிராததை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். இத்தகைய கொத்துகளின் உச்சக் காலம் 1880-களிலிருந்து முதல் உலகப் போர் வரை.

நூல்கண்டு:
கழுவவே கூடாது. சுற்றுக்குள் பசை இருந்தால் கரையும், கம்பி மேலும் துருப்பிடிக்கும். முதலில் பூச்சி இருந்தால் சாக வேண்டும்: பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, -20 டிகிரியில் 1 வாரம். வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பொருளில் ஈரம் படியும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனிக்குத் தூசி தட்டலாம். மடங்கிய இழைக்கு 30 செ.மீ. தள்ளி நீராவி, சில நொடிகள் மட்டும். பழைய இறகில் ஆர்சனிக் இருக்க வாய்ப்புண்டு, நைட்ரைல் கையுறை போடுங்கள். பறவைத் தோலோடு வரும் துண்டுகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

கறார்:
விற்பதாக இருந்தால் கவனம். அமெரிக்காவில் 1918-ன் இடம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, பாதுகாப்பு வருவதற்கு முன் முறையாகக் கிடைத்ததை வைத்திருக்கலாம், விற்க முடியாது. பழசு என்பது சாக்காகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1947 மார்ச் 3-க்கு முந்திய வேலைப்பாட்டுப் பொருளென்று நிறுவினால் விலக்கு உண்டு. ஏல ரசீதையும் அந்தப் பெட்டியின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.