கூர்மண்டையரைப் பார்த்து அன்று நிஜமாகவே பயந்தோமா?

சைதை வாசகன்:
நந்தனம் புத்தகக் கண்காட்சியில் லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டாலில் ஸ்பைடர் (நம் கூர்மண்டையர்தான்) கதையின் மறுபதிப்பு ஒன்று வாங்கினேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி புரட்டினால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. எட்டிப் பார்த்த மகன், "ஏம்பா, இவரு பேசிக்கிட்டேதான் சண்டை போடுவாரா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்ததுதான் கொடுமை. இதே ஆளுக்குப் பயந்து 86, 87 வாக்கில் சைதாப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் ராத்திரி பின்கட்டுக்குத் தனியாகப் போக மாட்டேன், அம்மா வந்து நிற்க வேண்டும். அந்தக் கதைகளில் நிஜமாகவே ஒரு இருட்டு இருந்ததா, இல்லை நான்தான் கற்பனை செய்துகொண்டேனா? உங்களுக்கு எப்படி?

பழைய பேப்பர்:
இருட்டு கதையில் இல்லை சார், தாளில் இருந்தது. சாணித்தாளில் கருப்பு மை ஊறி, பாதி கட்டத்தில் முகமே தெரியாது, படித்து முடித்தால் கட்டைவிரல் கருப்பாகிவிடும். தெரியாத முகத்தை நாமே வரைந்துகொண்டோம். வெள்ளைவெளேர் தாளில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அப்புறம் எங்கிருந்து பயம் வரும்? எங்கள் தெரு வாடகை நூலகத்தில் ஒரு நாளைக்கு 25 பைசா. கடைசி இரண்டு பக்கம் கிழிந்த புத்தகத்துக்கும் அதே 25 பைசாதான், அந்த ஆளிடம் பேசி ஜெயிக்க முடியாது. முடிவே தெரியாத கதைகள் எனக்கு ஏழெட்டு இருக்கின்றன, இன்றுவரை அவைதான் எனக்குப் பயங்கரமானவை.

லில்லிபாண்ட்:
தாள்மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள். ஸ்பைடர் யார்? 1965-ல் பிரிட்டனின் லயன் வார இதழில் வந்தபோது அவர் ஹீரோவே இல்லை. குற்ற உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்று பெல்ஹாமையும் ஆர்டினியையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிய அயோக்கியன். அவரைத் துரத்தும் கில்மோரும் டிராஸ்க்கும் நல்ல போலீஸ்காரர்கள், ஆனால் நாம் ஒரு தடவையாவது அவர்கள் ஜெயிக்கட்டும் என்று நினைத்திருக்கிறோமா? டெட் கோவன் தொடங்கிய கதையைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஸ்பைடர் திருந்தி வில்லன்களோடு மோதிய பிறகு கதை வாண வேடிக்கை ஆகிவிட்டது. உங்கள் மகன் சிரித்தது அந்தக் கட்டத்துக் கதையாக இருக்கும், முதல் கதைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். கை போன ஒரு ஆய்வக உதவியாளன், மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர உடம்பு முழுக்க மறைகிறது. உடனே உலகத்தைக் காப்பாற்றவா போனான்? திருடினான். நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்ததெல்லாம் பின்னால் வந்தது. ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த அந்த ஒற்றைக் கை, அதை எந்தத் தாளில் போட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

1986-ல் ஃபிராங்க் மில்லர் பேட்மேனைக் கிழவனாக்கி முரட்டுத்தனமாக எழுதியதும் அமெரிக்காவில் ஏதோ புதுசு போல வியந்தார்கள். பல வருஷம் கழித்து அதை நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையில் நின்றபடியே படித்தேன் (விலையைப் பார்த்ததும் வைத்துவிட்டேன்). நல்ல புத்தகம்தான். ஆனால் கெட்டவனை ரசிக்க நான் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலேயே கற்றுக்கொண்டிருந்தேன், அந்த மார்க்கெட் 85-ல் எரிவதற்கு முன்பே.

மயிலை மாடஸ்டி:
இந்தப் பேச்சு வந்தாலே ஆண்கள் எல்லாம் மண்டை, கை என்று நிறுத்திவிடுகிறீர்கள். 84-ல் நம் தமிழ் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைஸிதான், ஞாபகம் இருக்கிறதா? அவளும் பழைய கடத்தல் கும்பலின் தலைவி. அண்ணன் பெயரில்தான் வாடகை நூலகக் கணக்கு, எனக்குத் தர மாட்டான், அவன் டியூஷன் போகும் ஒரு மணி நேரத்தில் சமையலறை மூலையில் உட்கார்ந்து படித்து முடித்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். கதையைவிட அண்ணன் சைக்கிள் மணிதான் பயம். நிதானமாக இப்போது படித்தாலும் மாடஸ்டி, அவள் கூட்டாளி கார்வின் பேச்சு பழசாகவில்லை. ஸ்பைடர் எனக்கு அப்போதே சிரிப்புதான், சொன்னால் அடிக்க வருவீர்கள்.

சைதை வாசகன்:
லில்லிபாண்ட் அண்ணே, நீங்கள் சொன்னதற்காகப் பரணில் ஏறினேன். அட்டை இல்லாத ஒரு பழைய மாயாவி கிடைத்தது, கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. மகனிடம் கொடுத்தேன். சிரிக்கவில்லை. "கை மட்டும் வர்ற பக்கம் நல்லா இருக்குப்பா, மீதி எங்கே?" என்றான். 14-ம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால் சொல்லுங்கள், மாடஸ்டி மேடம் உட்பட.