உள்ளான் பிடிக்காதே என்றால் உலை எப்படிக் கொதிக்கும்?

பெகு முருகன்:
நம் பர்மாவின் மோத்தமா வளைகுடாவை 2017-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் காக்க வேண்டிய சதுப்பாக, அறிவித்ததைப் பாராட்டி ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். கரையில் இருப்பவன் கதை? மீன் படாத மாதங்களில் எங்கள் பக்கம் சேற்றில் மேயும் உள்ளான் குருவியைப் பிடித்து விற்றுத்தான் அரிசி வாங்கினார்கள். ருஷ்யாவின் கோடியிலிருந்து பறந்து வரும் குருவிக்காக நம் ஆட்கள் பட்டினி கிடக்கணுமா?

தட்டோன் செல்வி:
முருகண்ணே, வெறுங்கையோடு விட்டுவிடவில்லையே. 2010 வாக்கிலேயே பறவை பிடித்தவர்களுக்கு, இனிப் பிடிப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு, மீன்வலையும் மாடும் கொடுத்தார்கள். கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். பனிக்காலத்தில் அதில் பெரும்பங்கு நம் சேற்றில்தான் மேய்கிறது.

யாரும் அதைத் தேடிப் பிடிக்கவில்லை, வலையில் எல்லாம் சேர்ந்துதான் விழும். சின்ன வயதில் அப்பாவோடு விடியற்காலையில் போயிருக்கிறேன். தங்கூசி நூல் இறகுக்கடியில் தோலை அறுத்திருக்கும். ஒன்றின் மூக்கு நுனி மட்டும் தட்டையாக, உப்புக் கரண்டி மாதிரி இருந்தது. அப்பா அதையும் மற்றதோடு சேர்த்துக் காலைக் கட்டிக் கூடையில் போட்டார். இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பெகு முருகன்:
மாடு சரிம்மா, மேய்ச்சல் எங்கே? சித்தௌங் ஆற்று முகத்தில் ஓதம் சுவர் மாதிரி எழும்பி வந்து கரையை அறுக்கிறது. என் பெரியப்பா வயல் முழுக்கத் தண்ணீருக்குள். வீட்டை இரண்டு தடவை பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார்.

மோல்மேன் ராஜா:
அண்ணன் சொல்வது உண்மை. ஒருதரம் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. ஆனால் மீன் ஏன் படவில்லை என்றும் கேளுங்கள். சின்னக் கண் வலை மீன்குஞ்சையெல்லாம் வாரிவிடுகிறது, அது ஞப்பி என்கிற புளித்த மீன் விழுதுக்குப் போகிறது. பிறகு பெரிய மீன் எங்கிருந்து வரும்? உள்ளானும் மீனும் ஒரே சேற்றுப் புழுவை நம்பித்தான் இருக்கின்றன. முட்டையிடும் மாதங்களில் வலையை ஓய்வில் விட்டால் நமக்கே லாபம்.

பெகு முருகன்:
வலைக்கண் விஷயத்தில் உன்னோடு சண்டை இல்லை தம்பி. ஆனால் வலையே தரகர் முன்பணத்தில் வாங்கியது. படுகிற மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போடணும். ஓய்வு மாதத்திலும் கடன் கழியாது. அதை அடைக்க வழி சொல்லுங்கள், எங்கள் கரையில் சின்னக் கண் வலையை முதலில் சுருட்டச் சொல்பவன் நானாக இருப்பேன்.