பழைய டெஸ்க்டாப்பின் சூட்டைக் குறைக்க வீட்டிலேயே செய்த மாற்றங்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என் மெஷினில் இருப்பது இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600. 2007-ல் வந்த ப்ராசஸர். முதலில் வந்த பி3 ஸ்டெப்பிங்குக்கு (அதே ப்ராசஸரின் திருத்தப் பதிப்பை அப்படிச் சொல்வார்கள்) இன்டெல் குறித்த வெப்ப அளவு 105 வாட், பிறகு வந்த ஜி0-க்கு 95 வாட். என்னுடையது ஜி0. எழுத்து வேலை, கணக்கு, ஒளிப்படங்களை ஒழுங்குபடுத்துவது எல்லாம் இன்றும் இதில்தான். வேலை செய்கிற பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. ஆனால் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் சில நிமிடத்திலேயே வேகம் தொய்ந்துவிடும். பார்த்தால், கோர் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது, எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கிறது.

ஃபேன் வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. செலவே இல்லை. பிரைம்95 போல ப்ராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கும் மென்பொருள் ஏதாவது ஒன்றை ஓட்டி, வெப்பம் ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரை விட்டு, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். மூடி இல்லாதபோது நன்றாகக் குறைந்தால், கேபினட்டுக்குள் சூடான காற்று தேங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சமும் குறையவில்லை என்றால் கோளாறு ஹீட்சிங்கில் (ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்), அல்லது அது ப்ராசஸர்மேல் உட்கார்ந்திருக்கும் விதத்தில். இது தெரியாமல் ஃபேன்மேல் ஃபேனாக மாட்டுவதில் பயனில்லை. அறையின் வெப்பத்தையும் கூடவே எழுதிவையுங்கள். அறை 4 டிகிரி குளிர்ந்தால் ப்ராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு குறையும், நாம் செய்த வேலையால் குறைந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

எனக்கு இரண்டு கோளாறுமே இருந்தன. ஹீட்சிங்கிலிருந்து ஃபேனைக் கழற்றியபோது, மேலே சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளித் துணி போலப் படிந்து கிடந்தது, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் பழசாகிக் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, சிறு பட்டாணியளவு புதிய பேஸ்ட் வைத்தேன்.

என்னுடையதைப் போல 775 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல்லோடு வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் பிடித்திருக்கும். அழுத்தும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டாலும் ஒரு கால் சரியாக இறங்காமல் இருக்கலாம். மதர்போர்டின் பின்பக்கம் பார்த்து, நான்கு துளைகளிலும் கறுப்பு ஊசி முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் மெஷினை ஆன் செய்யாதீர்கள். ஒரு கால் தூக்கி நின்றால் மற்ற எந்த வேலையும் உதவாது.

இவ்வளவுக்குப் பிறகு 79 வந்தது. அடுத்துதான் எனக்குப் பிடித்த வேலை. அந்தக் காலத்துக் கேபினட்டுகளுக்கு இன்டெல்லே ஒரு வழிகாட்டல் வைத்திருந்தது. ப்ராசஸர் ஃபேன் இழுக்கும் காற்று 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்காகப் பக்கவாட்டு மூடியிலிருந்து ப்ராசஸர்வரை ஒரு குழாய் வைத்து வெளிக்காற்றை நேராகக் கொடுக்கலாம் என்பது அதில் இருந்தது. என் கேபினட்டின் மூடியில் துளைகள் இருந்தன, குழாய் இல்லை. அட்டையை மடித்து ஒரு சதுரக் குழாய் செய்து, மூடியின் உட்புறம் டேப்பால் ஒட்டி முதலில் சோதித்தேன். பயன் தெரிந்ததும் அதே அளவில் பிளாஸ்டிக் ஷீட்டில் நிரந்தரமாகச் செய்துகொண்டேன். குழாயின் வாய் ஃபேனைத் தொடக் கூடாது, ஒரு விரல் அகலம் இடைவெளி போதும். அதிகம் விட்டால் உள்ளிருக்கும் சூடான காற்றையே மறுபடி இழுக்கும்.

79-லிருந்து 71. ஒரு ஃபேன்கூடக் கூடுதலாக இல்லை. அதே காற்று, வரும் வழி மட்டும் மாறியிருக்கிறது. ஃபேன் எண்ணிக்கையைவிட, குளிர்ந்த காற்று எதன்மேல் முதலில் படுகிறது என்பதுதான் முக்கியம் என்று அழுத்திச் சொல்வேன்.

மறுமொழி

குழாய் யோசனை அருமை, நண்பரே. நான் கை வைத்தது பின்பக்கம். பழைய கேபினட்டில் பின் ஃபேனுக்கு முன்னால் தகரத்திலேயே குத்திய துளைகள் இருக்கும் இல்லையா? உற்றுப் பாருங்கள், துளையைவிடத் தகரம்தான் அதிகம். ஃபேன் தள்ளுகிற காற்றில் ஒரு பங்கு அதில் முட்டித் திரும்பும், இரைச்சலும் அங்கிருந்துதான் வருகிறது. தகரக் கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, கம்பி கிரில் ஒன்றை மாட்டினேன். சத்தம் மாறியது முதல் நொடியிலேயே தெரிந்தது.

ஆனால் இதற்கு உள்ளே இருக்கிற அத்தனையையும் வெளியே எடுத்தாக வேண்டும். மதர்போர்டுக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டு வெட்டலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். அரம் போட்டு வரும் இரும்புத்தூள் கண்ணுக்கே தெரியாது, ஒரு துணுக்கு இரண்டு முனைகளுக்கு நடுவில் விழுந்தால் போர்டு போய்விடும். வெட்டிய பிறகு வெறும் கூட்டைக் கழுவிக் காயவைத்துத்தான் திரும்பக் கோத்தேன்.

அப்படியே 80 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 120 மி.மீ. போட இடம் பண்ணினேன். விட்டத்தில் ஒன்றரை மடங்குதான், பரப்பில் இரண்டேகால் மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதும். வேகத்தைக் குறைக்கச் சிலர் மஞ்சள் (12 வோல்ட்) வயருக்கும் சிவப்பு (5 வோல்ட்) வயருக்கும் நடுவில் ஃபேனை இணைத்து 7 வோல்ட் எடுப்பார்கள், 12-லிருந்து 5 கழிந்து 7. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனுக்குள் போகும், ஹார்ட் டிஸ்க்கும் அதே லைனில்தான் இருக்கிறது. மதர்போர்டிலேயே வேகக் கட்டுப்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி

என்னுடையது இன்னும் பழசு, அகலமான கேபிளில் இணையும் பழைய வகை ஐடிஇ ஹார்ட் டிஸ்க். அந்த 80 கம்பி ரிப்பன் கேபிள் ஒரு திரை மாதிரி முன் ஃபேனை மறைத்து நின்றது. நீளவாக்கில் மடித்து, கேபினட்டின் ஓரமாகக் கட்டிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் 6 டிகிரி குறைந்தது. முன்பக்கக் காற்றுவழியில் நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டி வடிகட்டியாக வைத்திருக்கிறேன். தூசி படிந்தால் கழற்றி அலசிவிடலாம். ஆனால் உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி ஃபேன்களை அமைத்தால்தான் வடிகட்டிக்குப் பயன். இல்லாவிட்டால் டிவிடி டிரைவின் இடுக்கு, பின்பக்க ஸ்லாட் என்று எல்லா ஓட்டையிலும் தூசி உள்ளே வரும். மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை ஒவ்வொரு இடுக்கிலும் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று அதுவே காட்டிவிடும்.

ஒரு சந்தேகம். என் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஃபேன் கரகரக்கிறது. திறந்து அதையும் மாற்றிவிடலாமா? அட்டைக் குழாய் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டா?

முதலில் எழுதியவர்

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும். ஃபேன் கரகரக்கும் அளவுக்கு வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்களும் தளர்ந்திருக்கும், மொத்தமாக மாற்றுவதுதான் சரி. அட்டையைப் பொறுத்தவரை, ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டாலும் அட்டை பற்றிக்கொள்ளாது. ஆனால் ஈரத்தில் தொய்ந்து, டேப் விட்டு, ஃபேன் மேலேயே விழலாம். அதனால்தான் சோதனைக்கு மட்டும் அட்டை என்கிறேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. தூசி தட்டும்போது காற்றை ஊதினால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

அப்புறம், பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் நுழையக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) கோர் வோல்டேஜை மாற்ற வசதி இருக்கிறவர்கள் அதையும் பாருங்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது. நான் 1.30-லிருந்து 1.20-க்கு இறக்கினேன். கணக்குப்படி ஏறக்குறைய 15 சதவீதம் மிச்சம், வேகத்தில் ஒரு குறையும் இல்லை. எல்லா ப்ராசஸரும் ஒரே அளவுக்கு இறங்காது. சிறு சிறு படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் பிரைம்95-ஐ நீண்ட நேரம் ஓட்டிப் பாருங்கள். பிழை காட்டினால் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்திவிடுங்கள். ஐடிஇ நண்பரே, உங்கள் போர்டு எது என்று எழுதுங்கள், அதில் இந்த வசதி இருக்கிறதா என்று சேர்ந்து தேடுவோம்.