‘ஷியர்’ என்பதற்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டு உதவியாளர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. படுக்கைப்புண்ணுக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள்: பிரஷர், ஃபிரிக்‌ஷன், ஷியர். அழுத்தம், உராய்வு சரி. மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

நடப்பது இதுதான். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கி வைத்தால் நோயாளி மெல்லக் கால்பக்கம் இறங்குவார். முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும். எலும்பும் சதையும் மட்டும் இறங்கும். நடுவிலுள்ள நுண்குழாய்கள் இழுபட்டு மடங்கி ரத்தம் தடைப்படும். வெளியே ஒரு சிராய்ப்புகூடத் தெரியாது. வால் எலும்புப் பக்கம் உள்ளுக்குள் சதை செத்துக்கொண்டிருக்கும். இதையும் உராய்வு என்றே எழுதினால் பவுடர் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

- மதுரை, செவிலியர் பயிற்றுநர்

---

அம்மா, புதிதாக எதற்கு? நம் மேல்நிலை இயற்பியல் பாடநூலில் ‘சறுக்குப் பெயர்ச்சி’ இருக்கிறது. எடுத்துப் போடுங்கள்.

- கோவை, பொறியாளர்

---

எங்கள் பக்கம் பொறியியலில் ‘கொய்வு’ என்றுதான் படித்தோம். கொய்வு விசை, கொய்வுத் தகைப்பு. மூன்றே எழுத்து. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. சொல்லுக்குப் பயப்படத் தேவையில்லை.

- யாழ்ப்பாணம்

---

கொய்வு நல்ல சொல், ஆனால் காரணம் வேறு. கொய்தல் என்றதும் தினை கொய்தலும் பூக்கொய்தலும்தான் எல்லாருக்கும் நினைவு வரும். ‘கொய்சகம்’ என்ற சொல்லையும் பாருங்கள். புடவையை விரலிடுக்கில் மடித்து மடித்துச் சேர்ப்பது. அதுவே பேச்சில் கொசுவம் ஆயிற்று. ஆக, கொய்தலில் மடிப்பும் உண்டு. அம்மா சொல்லும் நுண்குழாய்கள் மடங்குகின்றன அல்லவா? பொறியாளர்கள் வெட்டு என்று நினைத்துச் சூட்டிய பெயர், மருத்துவத்துக்கு இன்னும் ஆழமாகப் பொருந்துகிறது! (கொய்யாப் பழத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பெயரோடு வந்தது. யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.)

- தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயா, கொசுவம் அருமை. ஆனால் நேற்று வார்டில் மூன்று ஆயாம்மாக்களிடம் கேட்டுப் பார்த்தேன். ‘கொய்வு’ என்றதும் ஒருவர் “பூவா சிஸ்டர்?” என்றார். ‘சறுக்குப் பெயர்ச்சி’க்குப் பதிலே இல்லை, இன்னொருவர் மட்டும் சனிப்பெயர்ச்சியா என்றார். அப்புறம் உள்ளங்கையை மேசையில் அழுத்தி வைத்து, கையைத் தூக்காமல் முன்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். மூத்தவர் உடனே, “தோலு அங்கேயே நிக்குது, உள்ள நழுவுது” என்றார். ‘உள்நழுவல்’ என்று போட்டால் என்ன?

- மதுரை

---

பொருள் சரி, புணர்ச்சி தவறு. உள் + நழுவல் = உண்ணழுவல்.

- தஞ்சாவூர்

---

ஐயா, சாப்பாடு வாயிலிருந்து நழுவுவதாக நினைத்துக்கொள்வார்கள்! ‘உள்நாடு’ என்று தினமும் எழுதுகிறோமே, யார் உண்ணாடு என்கிறார்கள்? நானும் உள்நழுவலுக்கே மாறிவிட்டேன்.

- கோவை

---

அப்படியானால் ‘உட்சறுக்கு’ என்றாவது வையுங்கள். சறுக்கும் நிற்கும், இலக்கணமும் நிற்கும்.

- தஞ்சாவூர்

---

எனக்கு உடன்பாடில்லை. இந்த உதவியாளர் நாளைக்குத் தாதியர் படிப்புக்குப் போனால் வேறு சொல்லைத் திரும்பவும் படிக்க வேண்டும். துறைக்கு ஒரு சொல், வார்டுக்கு ஒரு சொல் என்று எத்தனை காலத்துக்கு? கொய்வை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கோ.

- யாழ்ப்பாணம்

---

உள்நழுவல் அச்சுக்குப் போய்விட்டது, பக்கத்தில் மேசையில் அழுத்திய கையின் படத்தோடு. அடைப்புக்குறிக்கு இடமில்லை, மன்னியுங்கள். தஞ்சாவூர் ஐயா இன்னும் கோபமாக இருப்பார் என்று தெரியும்.

அடுத்த பக்கத்தில் ‘டிரா ஷீட்’ வருகிறது. தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து, இழுக்காமல் தூக்கி நகர்த்துவதற்கான துணி. இப்போதைக்குத் ‘தூக்குத்துணி’ என்று எழுதியிருக்கிறேன். வார்டில் படித்ததும் சிரிக்கிறார்கள், தூக்கு என்றால் வேறு நினைப்பு வருகிறதாம். வேறு ஏதாவது இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

- மதுரை